ஸ்பேசர் மாட்டும் முன்...

டயர் மட்கார்டுக்குள் ஒடுங்காமல் சற்று வெளியே வந்து நின்றால் காருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. அதற்காக வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே மாட்டும் உலோக வளையம்தான் ஸ்பேசர். போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், பொருந்தாத வீலை ஏற்ற உதவுவது அடாப்டர். 100 மில்லிமீட்டர் வட்டமுள்ள ஹப்பில் 114.3 வீலை மாட்டுகிறார்களே, அது இதை வைத்துத்தான்.

வீலை நிறுத்திவைப்பது நட்டு என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. நட்டை முறுக்கும்போது, அது ஏறும் மரையாணியான ஸ்டட் மயிரிழை நீள்கிறது. அந்த இழுவிசை வீலை ஹப்போடு அழுத்துகிறது. அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் பிரேக்கையும் வளைவையும் தாங்குகிறது. இடையில் துருப்பொருக்கு இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, பிடி தளரும். எனவே ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேயுங்கள். மரையில் எண்ணெய் தடவாதீர்கள்.

அடுத்தது, மரை எவ்வளவு ஏறுகிறது என்பது. பழைய ஸ்டட்டிலேயே 5 மில்லிமீட்டர் வளையத்தைச் செருகினால், நட்டுக்குக் கிடைக்கும் மரையில் அதே 5 குறையும். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி ஒன்றரை என்றால் எட்டுச் சுற்று. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் போட வேண்டும்.

தடித்த ஸ்பேசருக்குத் தனி ஸ்டட்டுகள் உண்டு. முதலில் ஸ்பேசர் ஹப்பில், பிறகு வீல் அதன்மேல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வண்டியின் பழைய ஸ்டட் முனை ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வீல் சமமாக உட்காராது. விரலால் தடவினாலே தெரியும். ஸ்பேசரின் நடுத்துவாரமும் ஹப்பில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். இல்லையேல் ஸ்டியரிங் உதறும்.

இரண்டு அடுக்கு நட்டுகளையும் டார்க் ரெஞ்சால், எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். ஏர் கன்னை நம்பி விட்டுவிடாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீலைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் நட்டுகளையும் சரிபாருங்கள். ஒரு ஸ்பேசர் மேல் இன்னொன்றை அடுக்குவது கூடவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வீலை வெளியே தள்ளத் தள்ள பேரிங் மீது சுமை கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கலாம். அழகுக்காக மட்டும் என்றால், உங்கள் காருக்கேற்ற ஆஃப்செட் (வீல் உள்ளே, வெளியே தள்ளி நிற்பதைத் தீர்மானிக்கும் அளவு) உள்ள வீலையே வாங்குங்கள் என்பேன்.