ஆபத்து வருமுன் ஆயத்தம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொழுது புலருமுன்னர் எழுந்து, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மரஞ்சீவி, வாளி சுமந்து, பாலை நிறுத்துக் கொடுத்தவுடன் உங்களுடைய அன்றைய வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஆனால் பாலின் பயணம் அங்கே முடிவதில்லை. ரப்பர்ப் பால் சில மணி நேரத்தில் தானாகவே திரிந்துவிடும் தன்மையுடையது. திரியாமல் காப்பதற்கு அதில் அமோனியா சேர்க்கப்படுகிறது. கையுறை முதலிய பொருள்களைச் செய்வதற்காகச் செறிவூட்டப்படும் பாலில், நூற்றுக்கு 0.7 பங்கு அளவுக்கு அமோனியா சேர்ப்பது வழக்கம். ரப்பர்த் தாள் செய்யும் இடத்திலோ பாலை உறைய வைக்கவேண்டும். அதற்கு, ஆசிட் என்று நாம் பொதுவாக அழைக்கும் பார்மிக் அமிலம் பயன்படுகிறது.

அமோனியாவும் அமிலமும் நமது தொழிலுக்கு உதவும் பொருள்களே. எனினும், கட்டுக்குள் இருக்கும்வரைதான் அவை வேலைக்காரர்கள். கட்டை மீறினால் அவை எமனாகிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் யார் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்து வைப்பதுதான் அவசர காலத் திட்டம். அதைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விரும்புகிறோம்.

கடந்த காலம் கற்பித்த பாடம்

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, இந்தியாவின் போப்பால் நகரில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் கொள்கலனுக்குள் தண்ணீர் புகுந்தது. ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். வாயுவின் நச்சுத்தன்மை ஒரு காரணம். மக்களின் அறியாமை மற்றொரு காரணம். ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. எந்தத் திசையில் ஓடுவது என்பது தெரியாமல் பலர் வாயு சென்ற திசையிலேயே ஓடினர். எந்த வாயு என்பது தெரியாததால் மருத்துவர்களும் திகைத்தனர்.

நமது நாட்டிலும் அத்தகைய துயரம் நேர்ந்ததுண்டு. 1991-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், சுங்கை பூலோவில் இருந்த பிரைட் ஸ்பார்க்கலர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றிலுமிருந்த வீடுகளும் சேதமடைந்தன. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவினால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. முதலில் மயங்கி விழுந்தவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

இச்சம்பவங்கள் அனைத்திலும் ஓர் உண்மை புலனாகின்றது. ஆபத்து ஆலையின் வேலியோடு நின்றுவிடுவதில்லை. ஆலைக்குள் காலடி வைத்தறியாத தாயும் சேயும் அதற்கு இரையாகின்றனர். ஆகவே, “நான் வெளிக்காட்டு வேலைக்காரன், ஆலையைப் பற்றி எனக்கென்ன?” என்று எவரும் இருந்துவிடல் ஆகாது.

சட்டம் கூறுவது என்ன?

நமது நாட்டில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியது. அதன்பின் 1996-இல், ஆபத்தான பொருள்களைப் பேரளவில் வைத்திருக்கும் தொழிற்சாலைகளுக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி பெரும் ஆபத்துக்குரிய ஆலை ஒவ்வொன்றும் தன் வளாகத்திற்கான அவசர காலத் திட்டத்தை எழுதி வைத்தல் வேண்டும். வேலிக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டத்தை ஊராட்சி மன்றம் தயாரித்தல் வேண்டும். அண்டை அயலில் வாழ்வோருக்குத் தகவல் தருவதும் அவ்விதிமுறைகளில் அடங்கும்.

சிறிய ஆலைகளில் இருக்கும் சரக்கு அந்த அளவை எட்டாமல் இருக்கலாம். ஆயினும், பொதுச் சட்டத்தின் கடமையிலிருந்து அவை விலகிவிட முடியாது. 2022-இல் திருத்தப்பெற்று 2024 ஜூன் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டம், ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடும் பொறுப்பை முதலாளியின்மீது சுமத்துகிறது. உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை அகற்றத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் அது தந்துள்ளது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைத்தல் வேண்டும் என்பதும் சட்டமே.

அமோனியாவின் குணம்

பகைவனின் குணத்தை அறிந்தவனே அவனிடமிருந்து தப்ப முடியும். அமோனியா நிறமற்ற வாயு. மூக்கைத் துளைக்கும் நெடியுடையது. கொஞ்சம் கசிந்தாலும் நெடி நம்மை எச்சரித்துவிடும். இது இயற்கை நமக்குத் தந்த காவல். ஆனால் நெடிக்குப் பழகிப்போன மூக்கு அதனைப் பொருட்படுத்தாது என்பதையும் நினைவிற்கொள்க.

உருளையிலும் கொள்கலனிலும் அமோனியா அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு இருக்கிறது. காற்றைவிட இலேசானதாகையால் அது மேலெழும்பிப் போய்விடும் என்பர் சிலர். முழுவதும் நம்பத்தக்கதன்று இக்கூற்று. திரவம் பீறிட்டு வெளியேறும்போது மிகுந்த குளிர்ச்சியுடன் வெண்புகைபோல் தோன்றித் தரையை ஒட்டியே பரவும். பள்ளத்திலும் கால்வாயிலும் தங்கும். கண், தொண்டை, நுரையீரல் ஆகிய ஈரமான உறுப்புகளையே அது முதலில் தாக்கும். ஏனெனில், தண்ணீரில் விரைந்து கரைவது அதன் இயல்பு.

அந்த இயல்பே நமக்குத் துணையுமாகிறது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் தப்பிச் செல்லும் சில நிமிடங்களுக்கு ஓரளவு உதவும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைச் சாரலாகத் தூவி வாயுவை அடக்குவதும் இதனால்தான். ஆனால் தரையில் தேங்கி நிற்கும் அமோனியாத் திரவத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் புகை இன்னும் பொங்கும். ஆகவே பயிற்சி இல்லாதவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுதல் கூடாது.

பள்ளிக்கூடம் நமக்குக் கற்பித்தது

தகவல் பணிக்கு வருமுன்னர் நாம் ஆசிரியராகப் பணியாற்றினோம். அந்நாளில் ஒருமுறை பள்ளியில் தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையாகத் திடலுக்கு வந்தனர். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. திடீரென்று ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரிசையை விட்டுக் கட்டடத்தை நோக்கி ஓடினாள். தடுத்து நிறுத்திக் கேட்டோம். “தம்பி ஒன்றாம் வகுப்பில் இருக்கிறான் சார். அவனை யார் கூட்டி வருவார்கள்?” என்றாள். அவளுடைய தம்பியோ அப்போது திடலின் மறுகோடியில் தன் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தவறு அச்சிறுமியுடையதன்று, நம்முடையது. தம்பியை யார் அழைத்து வருவார் என்பதை நாம் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. உண்மையிலேயே தீப்பற்றியிருந்தால் அவள் அதற்குள் நுழைந்திருப்பாள்.

தோட்டத்திலும் இதுவே நிகழும். ஆலையில் சங்கு ஊதியவுடன் காட்டிலிருக்கும் தாய் எங்கே ஓடுவாள்? பிள்ளைக் காப்பகத்தை நோக்கித்தான் ஓடுவாள். வழியில் புகை இருந்தாலும் நிற்கமாட்டாள். எந்த அறிவிப்புப் பலகையும் அவளைத் தடுக்காது. அவளைத் தடுக்கக்கூடியது ஒன்றே: பிள்ளைகளை ஆயா எந்த வழியாக, எந்த இடத்திற்கு அழைத்துச் செல்வார் என்பது அவளுக்கு ஐயமின்றித் தெரிந்திருப்பது. அதைச் சொல்லாத திட்டம் திட்டமே ஆகாது.

நல்ல திட்டத்தின் அங்கங்கள்

முதலாவது, அறிவிப்பு. கசிவை முதலில் காண்பவர் யாராயினும் சங்கை ஒலிக்கச் செய்யும் அதிகாரம் அவருக்கு இருத்தல் வேண்டும். “கிராணியைக் கேட்க வேண்டும், மண்டோரைக் கேட்க வேண்டும்” என்று காத்திருக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். அவசரச் சங்கொலி, வேலைச் சங்கொலியினின்றும் வேறுபட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, அழைப்பு. 999 எண்ணை அழைப்பவர் யார் என்பது பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பெருஞ்சாலையிலிருந்து வரும் வழி, கசிந்த பொருளின் பெயர் ஆகியவற்றை எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டி வைத்தல் நலம். தோட்டத்துச் சாலைகள் வெளியாருக்குப் புதிர். ஆகவே, பெருஞ்சாலைச் சந்தியில் ஒருவர் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்டவேண்டும்.

மூன்றாவது, காற்றின் திசை. ஆலையின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை பறத்தல் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கொடியையோ மரக்கிளையையோ பாருங்கள். காற்று போகும் திசையில் ஓடாதீர்கள். புகைக்குப் பக்கவாட்டில் விலகி, பின்னர்க் காற்று வரும் திசையை நோக்கி, மேட்டு நிலத்திற்குச் செல்லுங்கள். இக்காரணத்தால் கூடுமிடம் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். ஆலைக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று.

நான்காவது, கணக்கெடுப்பு. இதில் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தினமும் காலையில் பெரட்டில் பேர் வாசிக்கும் பழக்கம் நம்மிடம் உள்ளது. அதே செக்ரோலைக் கையிலெடுத்துக்கொண்டு கூடுமிடத்தில் பேர் வாசித்தால் காணாமற்போனவர் யார் என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டிலிருக்கும் முதியோர், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரின் பட்டியலும் உடன் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, ஒத்திகை. ஓர் ஆலைக்கு நாம் சென்றிருந்தபோது, அவசர காலத் திட்டம் அழகாகச் சட்டமிடப்பட்டு அலுவலகச் சுவரில் தொங்கியது. முழுவதும் ஆங்கிலம். பின்புற வாயிலைக் காட்டுமாறு கேட்டோம். அது பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுமுறையில் இருந்தார். சுவரில் தொங்கும் காகிதம் எவரையும் காப்பதில்லை. ஒத்திகை நடத்தியிருந்தால் அந்தப் பூட்டு அன்றே கண்ணில் பட்டிருக்கும். இரவு நேரத்திலும் ஒத்திகை வேண்டும். நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து நம்மோடு உழைப்போருக்கும் விளங்கும் வண்ணம் அது அமைதல் வேண்டும்.

உதவச் சென்று உயிரிழக்காதீர்

உடன் உழைப்பவர் விழுந்து கிடப்பதைக் கண்டால் ஓடிச்சென்று தூக்க மனம் துடிக்கும். அது நமது மக்களின் நற்குணம். ஆனால் வாயு நிறைந்த இடத்திலும், மூடிய தொட்டிக்குள்ளும், சுவாசக் கருவியின்றி நுழைபவர் இரண்டாவது பிணமாகவே வெளிவருவார். ஈரத் துணி தப்பி வருவதற்கேயன்றி உள்ளே போவதற்கன்று. கருவியும் பயிற்சியும் உடையவரே உள்ளே செல்லுதல் வேண்டும்.

வெளியே வந்தவருக்கு நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. நல்ல காற்றுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அமோனியாவோ அமிலமோ கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் உடனே நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்களாவது கழுவுங்கள். கண்ணைக் கசக்கவேண்டாம், எண்ணெயோ களிம்போ தடவவேண்டாம். அமிலத்தை விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். இருமல் அடங்கிவிட்டது என்று வீட்டிற்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்வாரமே கேளுங்கள்

அன்பர்களே! இந்த உரையைக் கேட்டு வீடு திரும்புமுன் ஐந்து கேள்விகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நமது ஆலையிலும் மருந்து ஸ்டோரிலும் இருக்கும் ஆபத்தான பொருள்கள் யாவை? அவசரச் சங்கு எப்படி ஒலிக்கும்? நாம் கூடவேண்டிய இரண்டு இடங்கள் எவை? நமது பிள்ளைகளை யார், எங்கே அழைத்துச் செல்வார்? பின்புற வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது?

இக்கேள்விகளைப் பாதுகாப்புக் குழுவிடமோ, தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ, நிர்வாகத்திடமோ அமைதியாகவும் உறுதியாகவும் கேளுங்கள். கேட்பது கலகமன்று, உரிமை. பாதுகாப்புக் குறையை எடுத்துக்கூறியதற்காக ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதையோ அவருக்கு இன்னல் விளைவிப்பதையோ சட்டம் தடை செய்கிறது. பதில் கிடைக்காவிடில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவிடம் முறையிடலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றனர் நம் முன்னோர். அணை போடும் வேலையில் நிர்வாகத்திற்கும் அரசாங்கத்திற்கும் பங்குண்டு, உங்களுக்கும் பங்குண்டு. என்றேனும் ஒருநாள் அந்தச் சங்கு ஊதினால், ஒரு தாயும் புகையை நோக்கி ஓடாத தோட்டமாக நமது தோட்டம் விளங்கவேண்டும். அதற்கு இன்றே ஆயத்தமாவோமாக.