கற்றலும் உழைத்தலும்: சிவகாசி வட்டாரம் - ஒரு கல்வி மானிடவியல் நோக்கு



கல்வி என்றதும் பள்ளிக்கூடமே நினைவுக்கு வருகின்றது. ஆயின் வீட்டிலும் வயலிலும் கடையிலும் பட்டறையிலும் குழந்தை கற்றுக்கொண்டே இருக்கின்றது. அங்கு அது கற்பவை யாவை, கற்பிப்போர் யாவர், அக்கல்வி அதனை எங்குக் கொண்டு சேர்க்கின்றது என்பன மானிடவியலார் எழுப்பும் வினாக்கள். மானிடவியலையும் கல்வியியலையும் இணைத்துப் பயிலும் முறை, அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்பிண்ட்லர் 1954இல் கூட்டிய கருத்தரங்கிற்குப் பின் வலுப்பெற்றது. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அது முதுகலை, முனைவர் பட்டங்களுக்குரிய தனிப்புலமாக விளங்குகின்றது. அவ்வினாக்களுக்குச் சிவகாசி வட்டாரம் தரும் விடை எண்ணத்தக்கது.

ஜீன் லேவ் என்னும் மானிடவியலறிஞர் லைபீரிய நாட்டுத் தையற்காரரிடையே களப்பணி செய்தவர். அங்குத் தொழில் பழகும் சிறுவர் முதலில் பொத்தான் வைத்தனர், பின்னர்த் தைத்தனர், அதன்பின் துணி வெட்டக் கற்றனர், நிறைவில் தாமே தையற்காரர் ஆயினர். கற்றல் என்பது ஒரு தொழிற்குழுவின் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிய நகர்வு என, எத்தியேன் வெங்கருடன் இணைந்து 1991இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார்.

சிவகாசியின் தொழில் வரலாறும் இத்தகைய ஒரு கற்றலில்தான் தொடங்குகின்றது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மறு ஆண்டே தொழில் தொடங்கினர். தொழிலை முழுமையாகக் கற்றமையால் அவர்கள் முதலாளிகள் ஆயினர். பின்னாளில் தீப்பெட்டித் தொழிலகங்களில் கட்டை அடுக்கிய சிறுமியின் நிலை வேறு. பத்து வயதில் கட்டை அடுக்கியவள் முப்பது வயதிலும் கட்டையே அடுக்கினாள். மருந்துக் கலவையின் அளவும் சந்தையின் விலையும் அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. விளிம்பில் அமர்த்தப்பட்டவள் விளிம்பிலேயே இருந்தாள்.

அவள் அறிவற்றவள் அல்லள். பெட்டி ஒட்டியவள் 144 பெட்டி கொண்ட குரோஸ் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தாள். கூலியில் முன்பணத்திற்குப் பிடித்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் அறிந்திருந்தாள். பள்ளி பத்துப் பத்தாக எண்ணக் கற்பித்தது. அவளோ பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணினாள். அவ்வறிவைப் பாடநூல் கேட்டதில்லை.

இவ்விடத்தில் ஆய்வாளர்க்கு விழிப்பு வேண்டும். 'வேலையும் ஒரு கல்வியே' என்னும் தொடர், குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கி வைப்பதற்கான சாக்காக எளிதில் மாறிவிடும். ஏழையின் குழந்தை உழைக்கத்தான் வேண்டும் என்னும் எண்ணம் கற்றவரிடையே வேரூன்றியிருந்ததே கட்டாயக் கல்விக்குத் தடையாயிற்று என, மைரன் வீனர் 1991இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். சிவகாசிச் சிறுவர் உழைப்புத் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அறிவை மதிப்பது வேறு; அவ்வறிவு பிறந்த அடிமைநிலையை மதிப்பது வேறு.

இவ்வேறுபாட்டை விருதுநகர் வணிகர் முன்னரே உணர்ந்திருந்தனர். கடைத்தொழிலைக் கடையிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள், அது போதாதெனக் கண்டு, வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளி நடத்தினர். அப்பள்ளியில் பயின்று, இடையில் நின்று, மாமனின் துணிக்கடைக்குச் சென்ற சிறுவரே காமராசர். அவர் முதலமைச்சராகி மூடிய பள்ளிகளைத் திறந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1985இல் அவர் பெயரால் அமைந்த மாவட்டமே சிறுவர் உழைப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டது வரலாற்றின் முரண்.

அன்று கட்டை அடுக்கியவர்களின் பெண்மக்கள் இன்று கல்லூரிகளில் முதுகலை பயில்கின்றனர். வெளியூர் ஆய்வாளருக்குத் தகவலாளியாக மட்டும் இருந்த தாயின் மகள், தானே ஆய்வாளராக வேண்டும். தாயிடம் அமர்ந்து அவள் கேட்டெழுதும் ஏடே இவ்வட்டாரத்தின் மெய்யான கல்வி மானிடவியலாகும்.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் மக்களின் தொழிலையும் வைத்தது. கட்டை, குரோஸ், முன்பணம் என்பன இந்நிலத்தின் கருப்பொருட் சொற்கள். இயந்திரம் வந்தபின் அவற்றுட் சில மறையக்கூடும். அவற்றைத் தொகுத்து வைத்தல் கவிஞர் கடன். அழகுபடுத்தாமல் வைத்தல் அதனினும் பெரிய கடன்.