கடைக்கு இணையத்தளம் அமைக்கு முன்
(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிறு கைத்தொழில் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். அது கடல் போன்ற பொருள். அதில் ஒரு சிறு துறையில் மட்டும் இறங்குகின்றோம். இந்த வன்னி மண்ணிலே நல்லெண்ணெய் பிழிவோரும், ஒடியல் மா இடிப்போரும், கருவாடு பதனிடுவோரும், அரிசி ஆலை நடத்துவோரும் தம் தொழிலுக்கு இணையத்தளம் ஒன்று அமைப்பிக்க எண்ணினால், அமைப்பவரிடம் போகுமுன் தம் வீட்டிலேயே செய்துமுடிக்க வேண்டிய ஆயத்தம் யாது என்பதே எமது பேச்சு.

கணினி படிக்கும் பிள்ளைகள் என்று தெரிந்தால் ஊரிலே எம்மை இலேசில் விடமாட்டார்கள். "தம்பியவை, எங்கட மில்லுக்கும் ஒரு வெப்சைட் போட்டுத் தாங்கோவன்" என்பார் ஓர் ஐயா. "அதில என்ன ஐயா போடவேணும்?" என்று கேட்போம். "அது படிச்ச உங்களுக்குத்தானே தெரியும்" என்பார். இங்கேதான் இடர் தொடங்குகின்றது. மேசனார் வீட்டைக் கட்டுவார். எத்தனை அறை, சாமியறை எந்தப் பக்கம் என்பதை வீட்டுக்காரர் அன்றோ சொல்லவேண்டும்?

ஆகவே முதலில் ஒரு கொப்பியை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு எழுதுங்கள். வருவது யார்? அவர் எதைக் கேட்பார்? வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதன்முறை வருபவர் வழி கேட்பார்; எந்த நாளில் வந்தாற் பொங்கல் என்று கேட்பார்; கோவிலின் முழு வரலாற்றையும் பஸ்ஸால் இறங்கிய உடனே கேட்கமாட்டார். கடைக்கு வருபவரும் அப்படியே. என்ன பொருள், எத்தனை கிராம், என்ன விலை, எங்கே இருக்கின்றீர்கள், எந்த இலக்கத்துக்குப் பேசுவது? இவ்வைந்துக்கும் விடை முதற் பக்கத்தில் இருக்கவேண்டும். "எமது இலட்சியம், எமது நோக்கு" என்று நீட்டி எழுதுவதை யாரும் வாசிப்பதில்லை. வேண்டுமாயின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகின் முதல் இணையத்தளத்தை டிம் பேர்னேர்ஸ்-லீ என்பார் செர்ன் ஆய்வுகூடத்திலே 1991இல் வெளியிட்டபோது அதில் ஓர் அலங்காரமும் இருக்கவில்லை. சொல்லவேண்டிய செய்தி இருந்தது, அது போதுமாயிற்று.

எழுதுவதைத் தமிழிலே எழுதுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் எம்மவர் "ஒடியல் மா" என்றே தேடுவர். கொழும்பிலும் அநுராதபுரத்திலும் வாங்குவோருக்காகச் சிங்களமும் ஆங்கிலமும் சேர்த்தல் நன்று. அவற்றை அம்மொழி தெரிந்தவரிடம் காட்டித் திருத்துதல் அதனினும் நன்று. இன்னொன்று. அச்சகத்திலே நோட்டீஸ் அடிக்கத் தந்த எழுத்தை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தெரியும், தேடுபவருக்கும் அகப்படாது. யூனிக்கோட்டில் தட்டச்சுச் செய்து கொடுங்கள்.

படங்களைக் காலை வெயிலில், வெறுந் துணியொன்றை விரித்து அதன்மேற் பொருளை வைத்து எடுத்தால் கைத்தொலைபேசியே போதும். ஆனால் வட்ஸ்அப்பிற் சாதாரணமாக அனுப்பினாற் படம் சுருங்கி மங்கும், கோப்பாக அனுப்புக. வேறெவரோ எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுதல் களவு. கள்ளப் படத்தோடு நல்லெண்ணெய் விற்பது எப்படி?

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கின்றோம். இணையத்தளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதனை ஆள்களப் பெயர் என்பர். பேச்சு வழக்கில் டொமைன். எம் நாட்டுக்குரிய '.எல்கே' என்னும் முடிபு 1990 முதல் உண்டு, 2010இல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் வழி பிறந்தது. இப்பெயர் யாருடைய பெயரிலே பதிவாகின்றது என்று நம்மவர் கேட்பதேயில்லை. அமைப்பவர் தமது மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிடுவார். அதில் வஞ்சகம் இருக்கவேண்டியதில்லை. அவருக்கு அது சுலபம், அவ்வளவே. பின்னர் அவர் கனடாவுக்குப் போய்விட்டால், அல்லது மனஸ்தாபம் வந்துவிட்டால், ஐந்து வருடம் வளர்த்த பெயர் உங்களுடையதன்று.

பெரியோர்களே, உறுதியை இழந்தவன் படும் பாடு இந்த மண்ணுக்குத் தெரியாததா? 2009இல் முடிந்த போரிலே, சட்டி பானையை விட்டாலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையிலே சுற்றிக்கொண்டு நடந்தவர்கள் நீங்கள். அதே கவனத்தை இதற்கும் தாருங்கள் என்கின்றோம். நுணுகிப் பார்த்தால் இது உறுதிக் காணியுமன்று, பெர்மிட் காணி. காலந்தோறும் பணங்கட்டிப் புதுப்பிக்கவேண்டும், தவறினாற் போய்விடும். மைக்ரோசொப்ட் எனும் மாபெரும் கொம்பனியே 1999 மார்கழியில் தனது 'பாஸ்போர்ட்' தளத்தின் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹொட்மெயில் பாவித்தோர் தம் அஞ்சலைத் திறக்க முடியாமற் தவித்தனர். சம்பந்தமே இல்லாத ஒரு கணினி வல்லுநர் 35 டொலரைத் தம் கையாற் கட்டித்தான் வழி திறந்தார். அவர்களுக்கே அப்படியென்றால், ஆலைக் கணக்கோடு அல்லாடும் எமக்கு எப்படியிருக்கும்! புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரிற் குறித்துச் சுவரிலே தொங்கவிடுங்கள்.

"காசில்லாமற் பக்கம் தருகின்றார்களே, அது போதாதா?" என்று இளைஞர் சிலர் கேட்பர். தொடக்கத்துக்குப் போதும். ஆயின் அது பிறர் வளவிலே போட்ட கொட்டில். யாகூவின் ஜியோசிற்றிஸ் 2009இல் மூடப்பட்டபோது இலட்சக்கணக்கான பக்கங்கள் ஒருங்கே போயின. கூகிள் நிறுவனம் சிறு வணிகருக்கு இலவசமாய் அளித்த தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இலவசத்தைப் பாவியுங்கள், பெயரை மட்டும் உங்கள் பேரில் வாங்கி வையுங்கள். கொட்டில் மாறினாலும் விலாசம் மாறாது.

ஆகவே அமைப்பவரோடு பேசும்போது கேட்கவேண்டியவை இவை: பெயர் எம் மின்னஞ்சலிற் பதிவாகுமா? கடவுச்சொற்களை எழுதித் தருவீரா? அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு? விலையை நாமே மாற்ற முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் உமக்குப் போன் எடுக்கவேண்டுமா? எத்தனை நிறம், எத்தனை அசையும் படம் என்பதெல்லாம் அப்புறம். மின்னஞ்சலையும் மருமகன் பெயரில் அன்றித் தொழிலின் பெயரிலேயே திறவுங்கள். மருமகன்மார் கோபிக்கக்கூடாது.

தளம் எழுந்தபின் ஒருவர் வேண்டும், வரும் விசாரணைக்கு விடை சொல்ல. ஆலைக்கார ஐயாவால் இரவு பதினொரு மணிக்கு இலண்டனுக்கு மறுமொழி எழுத முடியாது. வீட்டிலே உயர்தரம் முடித்து, பெறுபேறு பார்த்திருக்கும் மகளோ மகனோ இருப்பார். அப்பிள்ளையிடம் ஒப்படையுங்கள், அதற்கொரு சம்பளமும் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வேலை வாங்கினால் மூன்றாம் மாதத்தில் விடை நின்றுவிடும்.

ஆயத்தம் செய்ய விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் பின்வாங்கிலிருக்கும் எம்மிடம் வரலாம். கொப்பியும் பேனையும் கொண்டுவந்திருக்கின்றோம்.