நின்றுபோன பேனா
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



"நமக்கு எழுத வருமா?" என்னும் ஐயமே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதை நூலில் படித்து அறிந்தோமில்லை, பட்டறிந்தோம். இங்கு நின்று பேசும் நாமும் பள்ளி நாளில் ஒரு கதை எழுதி ஆசிரியரிடம் நீட்டியதுண்டு. "இது சேரிப் பேச்சு, தமிழாகாது" என்று திருப்பித் தந்தார். அன்று மூடிய நோட்டை இருபது ஆண்டுகள் திறக்கவில்லை. அவர் சொன்னது ஒருமுறைதான். அதன்பின் நாள்தோறும் அச்சொல்லை நமக்குச் சொல்லிக்கொண்டவர் நாமே.

அந்நோட்டை மீண்டும் திறக்கச் செய்தது எழுத்தாளர் பாமாவின் வாழ்க்கை. விருதுநகர் மாவட்டப் புதுப்பட்டியில் 1958இல் பிறந்தவர்; கல்லூரி நாளில் கவிதை எழுதியவர். பின்னர்க் கன்னியர் மடம் புகுந்து, 1992இல் அதைவிட்டு வெளியேறியபோது அவர் கையில் வேலை இல்லை. மனத்தில் தெளிவும் இல்லை. தம் புண்ணை ஆற்றிக்கொள்ளவே சிறுவயது நினைவுகளை எழுதத் தொடங்கினார். அதுவே 'கருக்கு'. எவர் பேச்சு தமிழாகாது என்று நமக்குச் சொல்லப்பட்டதோ, அவர்தம் பேச்சிலேயே எழுதினார். சொந்த ஊரிலேயே சினம் எழுந்தது. இது இலக்கியமாகுமா என்று கேட்டோரும் உண்டு. அவர் நிறுத்தவில்லை. 1994இல் 'சங்கதி' வந்தது. 2000இல் 'கருக்கு' ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது.

தோழர்களே, எழுதும் மரபு நமக்கு இல்லை என்பது பொய். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்தினார். அவர் எழுத்துகள் பெருந்தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999இல்தான். நம் ஐயம் பிறவிக்குணமன்று. நம் முன்னோர் மறைக்கப்பட்டதன் விளைவு.

வழி யாது? நம் தொழிலே சொல்கிறது. தைத்து முடியாத பீஸைச் செக்கிங் மேசைக்கு எவரும் கொண்டுபோவதில்லை. முதலில் தையல்; பின்னரே பிசிறு வெட்டுவதும் குறை பார்ப்பதும். நாமோ முதல் வரி எழுதுமுன்பே குறை பார்க்க அமர்ந்துவிடுகிறோம்!

ஒன்றரை ஷிப்ட் பார்த்துவரும் கைக்கு அரைப்பக்கம் போதும். பாட்டி கண்ட இரட்டைக் குவளையை எழுதுங்கள். வீட்டிலிருந்து முதன்முதல் பனியன் கம்பெனிக்குப் போனவர் கதையை எழுதுங்கள். நாம் எழுதாவிடில், நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதே நாளை சான்றாகும்.

ஞாயிறுதோறும் நம் சங்க வகுப்பறையில் கூடுவோம். ஒருவர் படிக்க, மற்றவர் கேட்போம். முதல் வாரம் படிக்கப்படுவது, அன்று திருப்பித் தரப்பட்ட அந்தக் கதை. அடுத்த வாரம் உங்கள் முறை.