பட்டியலுக்கு யார் பொறுப்பு?
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

வரவு செலவுக் கணக்கு இன்னும் பாக்கி இருப்பதால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, செயலாளராக இருந்த நான் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுத்தேன். யார் தனியாக இருக்கிறார்கள், என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், வெளியூரில் உள்ள பிள்ளையின் நம்பர் என்ன என்று கேட்டேன். நீங்களும் தயங்காமல் சொன்னீர்கள். அதை வைத்துத்தான் பாலும் மருந்தும் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

தண்ணீர் வடிந்தது. பட்டியலை யாரும் அழிக்கவில்லை. கேட் ஆப் வந்தபோது, மறுபடி எதற்குக் கேட்பது என்று அதையே ஏற்றினோம். பிறகு மெயின்டனன்ஸ் பாக்கி வசூலுக்கும் அதே பட்டியல்தான்.

சில மாதங்களுக்கு முன் இங்கே தனியாக வசிக்கும் ஒரு அம்மாவுக்கு யாரோ போன் செய்து, மகன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டார்கள். அவர் உடனே மகனுக்கே போன் போட்டுவிட்டதால் பணம் தப்பியது. விவரம் நம் பட்டியலிலிருந்துதான் போனதா என்பது தெரியாது. ஆனால் "என் விவரம் இப்போது யார் யாரிடம் இருக்கிறது, தம்பி?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. செக்யூரிட்டி ஆபீஸைக் கைகாட்டினார். ஆபீஸ் ஆப் கம்பெனியைக் காட்டியது. கம்பெனி சங்கத்தைக் காட்டியது.

கம்பெனி சொன்னதுதான் சரி. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விவரத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரே பொறுப்பு. அவருக்காக வேலை செய்யும் கம்பெனி தவறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஒப்புதல், சொன்ன காரியத்துக்கு மட்டுமே. காரியம் முடிந்தால் அழிக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று விஷயங்களைத் தீர்மானமாக முன்வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு பட்டியலின் மேலும் அது எதற்கு, யார் பொறுப்பு, எந்தத் தேதியில் அழிப்பது என்று எழுதியிருக்க வேண்டும். கேட் நோட்டும் சிசிடிவி பதிவும் இதில் அடக்கம்.

இரண்டு, புதுத் தேவை வந்தால், கேட்பவரே முடிவெடுக்கக் கூடாது. கமிட்டியில் வைத்து, குடியிருப்போரிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். மறுப்பவரின் விவரத்தைச் சேர்க்கக் கூடாது.

மூன்று, நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு பாஸ்வேர்டுகளும் கைமாற வேண்டும். பழையவர் தன் போனில் உள்ள பிரதியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் புயல் பட்டியல் நேற்றுவரை என் போனிலும் இருந்தது. அழித்துவிட்டேன். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். அடுத்த மழைக்கு மறுபடி உங்கள் கதவைத் தட்டும்போது நீங்கள் நம்பிச் சொல்ல வேண்டும் அல்லவா?