போர்முனையிலிருந்து திரும்பிய தந்தையும் எங்கள் வீடும்

(பங்கின் ஜூபிலி விழாவை ஒட்டிக் கடையநல்லூரில் நடந்த குடும்ப நாள் கூட்டத்தில், ஒரு முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் மூவர் சேர்ந்து எழுதி, மூத்த மகள் வாசித்த உரை)



குடும்ப நாளில் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று சாமியார் கேட்டபோது நாங்கள் முதலில் தயங்கினோம். பிறகு அப்பாவிடமே கேட்டோம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளதைச் சொல்லுங்க, கூட்டிக் குறைச்சுச் சொல்லாதீங்க" என்றார். அந்த அனுமதியின் பேரிலேதான் இங்கே நிற்கிறோம்.

1987-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இந்திய அமைதி காக்கும் படை கடல் கடந்து போயிற்று. அமைதி காக்கப் போன படை அக்டோபரிலேயே யுத்தத்தில் இறங்க நேர்ந்தது. 1990 மார்ச் 24-ந் தேதி கடைசி வீரர் திரும்புவதற்குள் ஏறக்குறைய 1,200 பேர் உயிர் இழந்திருந்தார்கள். அங்கே குடிமக்கள் பட்ட துன்பத்தை அந்த மக்களே சொல்ல வேண்டும். அதை அளக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அந்தப் படையில் எங்கள் அப்பா ஒரு சாதாரணச் சிப்பாய். கூட இருந்தவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே வீடுகளைச் சோதனை போடும்போது பேசுவதற்கு அப்பாவைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒரு கிழவி, "தம்பி, நீர் தமிழோ?" என்று கேட்டிருக்கிறாள். இதை அப்பா எங்களிடம் ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

அன்றைய மாநில முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி, திரும்பி வந்த படைக்குச் சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்குச் செல்லவில்லை. ஈழத் தமிழர் பட்ட பாட்டை எண்ணி எடுத்த முடிவு அது. அதைக் குறை கூற நாங்கள் வரவில்லை. ஆனால் லீவில் ஊருக்கு வந்த சிப்பாயிடம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "தமிழனைச் சுட்டுட்டுத்தானே வந்திருக்கே?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்பா அன்று குடிக்காத டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு கடைவீதிப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

வீட்டிலே நாங்கள் கண்டது வேறொரு மனிதரை. மொட்டை மாடியில் படுக்க மாட்டார். சுவரில் முதுகு படும்படி, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். தெருவில் தறிச் சத்தம் நாள் முழுதும் கேட்டாலும் ஒன்றும் செய்யாது. கல்யாண வீட்டு வெடி ஒன்று வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். தீபாவளி வந்தால் நாங்கள் பயந்தோம், சிவகாசி பக்கத்தில் இருப்பதையே சபித்தோம். தூக்கத்தில் தொட்டு எழுப்பிய அம்மாவுக்கு ஒருநாள் கை முறிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பிறகு மிலிட்டரி கேண்டீன் ரம் வேறு சேர்ந்துகொண்டது. 1996-ல் பென்ஷனில் வந்து ஒரு மில்லில் இரவுக் காவல் பார்த்தார். தூங்காதவருக்கு ஏற்ற வேலைதான் என்று சிலர் சிரித்தார்கள்.

எங்கள் ஆச்சி இது ஏதோ சேட்டை என்றாள். பொட்டல்புதூருக்குக் கூட்டிப் போனார்கள். புளியம்பட்டி அந்தோணியார் கோவிலில் பதின்மூன்று செவ்வாய் தங்கினார்கள். செபத்தை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. புளியம்பட்டியில்தான் அம்மா முதன்முதலாக மற்றவர்கள் முன் வாய்விட்டு அழுதாள். ஆனால் இதற்குப் பெயர் உண்டு, வைத்தியம் உண்டு என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

முதல் உலகப் போரின்போதே, 1915-ல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் எழுதினார். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைக் கண்டபின், 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆபத்து நேரத்தில் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி, ஆபத்து போன பிறகும் நிற்காமல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது கோழைத்தனமும் அல்ல, பேயும் அல்ல.

நம் புனிதர் இஞ்ஞாசியாரும் படைவீரர்தான். 1521-ல் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிய அவரை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அண்ணியார் மகதலேனாவின் வீட்டில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். புத்தகம் வாசித்து மனம் திரும்பினார் என்பது நாம் ஞானோபதேச வகுப்பில் படித்ததே. ஆனால் அடுத்த ஆண்டு மன்ரேசாவில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு வந்ததென்று அவரே சொல்லி எழுதுவித்திருப்பது பலருக்குத் தெரியாது. அது போரினால் வந்ததென்று நாங்கள் சொல்லவில்லை. புனிதருக்கே வந்த எண்ணத்தை நம் வீட்டில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா ஒருநாள் தம்பியைப் பெல்ட்டால் அடித்தபோது, அம்மா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு புளியங்குடியில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் அங்கே இருந்தோம். "சிலுவையைச் சுமக்கத் தெரியாதவள்" என்று உறவினர் பேசினார்கள். நாங்கள் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. அவள் போனதால்தான் அப்பா வைத்தியத்துக்குச் சம்மதித்தார். பிள்ளைகள் அடிபடும் வீட்டில் 'பொறுத்துப் போ' என்பது புத்திமதி அல்ல.

முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003-ல் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். மனநலம் என்றால் வரமாட்டார் என்று 'தூக்க டாக்டர்' என்று சொல்லித்தான் அழைத்துப்போனோம். அந்தப் பொய்யை அப்புறம் அவரே சொல்லிச் சிரிப்பார். மாத்திரை, பேச்சு, குடியை நிறுத்துதல் என்று இரண்டு வருஷம் ஆயிற்று. முழுக்கக் குணமானது என்று சொல்லமாட்டோம். தூங்குகிறார். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்.

மருத்துவர் அம்மாவையும் தனியே உட்காரவைத்துப் பேசினார். "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று பதினான்கு வருஷத்தில் அவளைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. தூங்கும்போது தொடாமல், கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லி அழைப்போம். திடீரென்று பின்னால் போய் நிற்க மாட்டோம். "அப்பா கோபம் உன்னால் வந்ததல்ல" என்று சின்னவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னோம். அவனுக்கு அது புரியப் பல வருஷம் ஆயிற்று.

நம் பங்கிலும் பக்கத்து ஊர்களிலும் காஷ்மீரிலும் கார்கிலிலும் இருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டார் யாராவது இங்கே இருந்தால் எங்களிடம் வாருங்கள். பேர் வெளியே போகாது. தென்காசி தனி மாவட்டமான 2019-க்குப் பிறகு அலுவல்களுக்குத் திருநெல்வேலி வரை போகும் அலைச்சலும் குறைந்திருக்கிறது. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சு என்று விடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கடைசியாக விழாக் குழுவாரிடம் ஒரு விண்ணப்பம். ஜூபிலிக்கு அதிர்வேட்டு வாங்கியிருப்பதாகக் கேள்வி. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, நேரத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும். தேர் வரும்போது வாசலில் நின்று மெழுகுதிரி பிடிக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார்.