உயிர் காக்கப் பழகுவதற்கு ஒரு பொம்மை

(அறக்கட்டளையின் உயர்கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த ஆண்டு உதவித்தொகையோடு, அவசர சிகிச்சைப் பயிற்சிக்கென்று இரண்டு பொம்மைகள் வாங்குவதாக நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. "பொம்மை வாங்கவா நன்கொடை கொடுத்தோம்?" என்று சிலர் கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை முதன்முதலாக ஒருவர் தொண்டையில் மூச்சுக்குழாய் இறக்கிப் பழகுவது யார் உடம்பில்? வசதியுள்ளவர் உடம்பில் அல்ல. காலங்காலமாக அது பொது மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஏழையின் உடம்புதான். மேலே ஆசிரியர் நின்று பார்ப்பார், உண்மை. ஆனாலும் பழகாத கை பழகாத கைதான். அந்தக் கட்டிலில் நம் மஹல்லா மக்களும் படுத்திருக்கிறார்கள். முதல் தடுமாற்றம் பொம்மையோடு போகட்டும் என்பதுதான் இந்தப் பயிற்சியின் அடிப்படை.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஹஜ் பயிற்சி முகாமில் கஅபாவின் மாதிரியை வைத்து ஹாஜிகளைத் தவாஃப் சுற்ற வைக்கிறோம். மக்காவின் நெரிசலில் போய்த் தடுமாறக் கூடாது என்பதற்காக. உஸ்மான் (ரலி) அவர்கள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்த முறையைத் தாமே செய்து காட்டியதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். சில விஷயங்களை வாயால் சொல்லித் தர முடியாது.

இந்தப் பொம்மையை முதலில் செய்தவரும் பொம்மை வியாபாரிதான். நார்வேயில் ஸ்டாவாங்கர் நகரத்து ஆஸ்முண்ட் லேர்டால். குழந்தைகளுக்கு பிளாஸ்டிக் கார், பொம்மை செய்து விற்றவர். தண்ணீரில் மூழ்கிய தம் சின்ன மகனை இழுத்துக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையைக் கற்பிக்க மருத்துவர்கள் கேட்டுக்கொண்டபோது, 1960இல் 'ரெசுசி ஆன்' என்ற ஆளுயரப் பொம்மையைச் செய்து கொடுத்தார். மார்பை அழுத்தும் முறை வந்ததும் உள்ளே ஸ்பிரிங் வைத்தார்கள். 1967இல் அமெரிக்காவில் கணினியால் இயங்கும் பொம்மையே வந்துவிட்டது. நம் நாட்டில் 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் திறன் பயிற்சிக்கூடம் கட்டாயம்.

சென்ற மாதம் நிர்வாகிகள் சிலர் ஒரு கல்லூரியின் பயிற்சிக்கூடத்திற்குப் போய்ப் பார்த்தோம். கட்டிலில் பொம்மை. மார்பு ஏறி இறங்குகிறது, மணிக்கட்டில் நாடி துடிக்கிறது. "நெஞ்சு வலிக்குது டாக்டர்" என்று அது சொன்னபோது நம்மில் ஒருவர் திடுக்கிட்டே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆசிரியர்தான் மைக்கில் பேசுகிறார். திடீரென நாடி நின்றது. ஒரு மாணவர் மார்பை அழுத்த ஆரம்பித்தார். இன்னொருவர் "அட்ரினலின் போடுங்க" என்றார். யாரும் போடவில்லை. அடுத்தவர் போடுவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். அந்த மருந்தின் அளவைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஆசிரியர் திட்டவில்லை. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பதிவான வீடியோவை ஓடவிட்டு, "இந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டார். பெயர் சொல்லி வேலை கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முடித்ததும் "போட்டாச்சு" என்று அறிவிக்க வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். அதே ஒத்திகை மறுபடி நடந்தது. இம்முறை மருந்து நேரத்திற்குப் போனது.

இன்னொன்று. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பயனில்லை. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகிலிருந்தவர்கள் மார்பை அழுத்தி உதவியிருக்கிறார்கள். பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். தொடத் தயக்கம். பயிற்சிப் பொம்மைகளில் பெரும்பாலானவை ஆணின் தட்டை மார்போடு இருப்பதும் இந்தத் தயக்கத்தைத் தீர்க்க உதவவில்லை. அமெரிக்காவிலேயே இப்படியென்றால் நம் வீடுகளில்? இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். 108 வரும்வரை அந்த உம்மாவுக்கு, அந்தத் தங்கைக்கு உதவ பக்கத்தில் நிற்பவர் கை மட்டும்தான் உண்டு. உயிர் போகும் நிர்பந்தத்தில் அந்நிய ஆணும் தொட்டுக் காப்பாற்றலாம் என்பதை ஹஜ்ரத் அவர்கள் இந்த மேடையிலேயே விளக்கினார்கள். நாம் வாங்கும் இரண்டில் ஒன்று பெண் உருவப் பொம்மை. அதில் ஒரு சகோதர சகோதரி வித்தியாசம் இல்லாமல் எல்லா மாணவர்களும் பழக வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

உருவப் பொம்மை வைக்கலாமா என்றும் ஒரு பெரியவர் கேட்டார். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மை வைத்து விளையாடிய ஹதீஸை ஹஜ்ரத் நினைவூட்டி, கற்பதற்காக வைப்பதில் தடை இல்லை என்றார்கள். ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்கவில்லை. அது அதற்குரியவர்களுக்கே போகும். இது பொது நன்கொடையில் வாங்குவது. கணக்கு அடுத்த இதழில் வரும்.

உதவித்தொகை பெறும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் இந்தப் பொம்மைகளோடு மஹல்லாவாசிகளுக்குச் சொல்லித் தாருங்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல் அழுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் கை பழகாது. இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு களைப்பு, ஏன் ஆள் மாற வேண்டும் என்பது புரியும்.

பெண்களுக்கு காலையில், மருத்துவ மாணவிகளே நடத்துவார்கள். ஆண்களுக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு. ஆட்டோ ஓட்டும் சகோதரர்களும் பள்ளிவாசல் முஅத்தின் அவர்களும் முதலில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.